டைபாய்டுன்னாங்க, இப்ப கண்ணு மஞ்சளாயிடுச்சு, லிவர் பாதிப்புன்னு சொல்றாங்க. யாராச்சும் விளக்குங்க

தேனிப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயசு 24, திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல பாக்குறான், ரூம்ல நாலு பசங்களோட தங்கியிருக்கான், மூணு வேளையும் கடைச் சாப்பாடுதான். ஒரு வாரத்துக்கு மேலயே ஜுரம், சாயந்தரமானா 103க்கு ஏறுது, காலைல கொஞ்சம் குறையுது, ஆனா சுத்தமா விடவே இல்ல. அங்கயே ஒரு கிளினிக்ல காட்டி ஊசி போட்டு மாத்திரை குடுத்திருக்காங்க, கேக்கல. ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இங்க வந்த மறுநா கண்ணு மஞ்சளா இருக்குன்னு அம்மாதான் மொதல்ல கவனிச்சாங்க, மூத்திரமும் கடும் மஞ்சளா போகுதாம். இங்க உள்ள டாக்டர் டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. காமாலை அளவு காட்டற பிலிருபின் 4.6, ஈரல் என்சைம்ல எஸ்ஜிஓடி 240, எஸ்ஜிபிடி 190, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 310, வெள்ளையணு 3800, பிளேட்லெட் 1,10,000. டைபாய்டுக்குப் பாக்கற வைடால் டெஸ்ட் பாசிட்டிவ், ஓ 1:160ன்னு போட்டிருக்கு. டாக்டர் டைபாய்டு முத்தி ஈரல்ல இறங்கியிருக்கு, அட்மிட் ஆகணும்னு சொல்றாரு. ஆனா வீட்டுல பெரியவங்க எல்லாரும் இது காமாலை, டைபாய்டு இல்ல, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது, வைத்தியர்கிட்ட மூணு நாள் மருந்து குடிச்சா எறங்கிடும், ஊசி போட்டா ஈரல் இன்னும் கெட்டுடும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. டைபாய்டுல காமாலை வருமா? ரெண்டும் ஒண்ணா வந்திருக்கா? யார் சொல்றத கேக்கறதுன்னே தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரிசக்காட்டான் எழுதியது:

தங்கச்சி பயப்படாத. எனக்கும் 30 வயசுல காமாலை வந்து பிலிருபின் 11 வரைக்கும் போச்சு, கீழாநெல்லிய வேரோட அரைச்சு மோருல கலக்கி வெறும் வயித்துல குடிச்சேன், உப்பு புளி எண்ணெய் எல்லாம் நிறுத்தி பத்தியம் இருந்தேன், மூணு வாரத்துல சரியாப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. எங்க பக்கம் எத்தனையோ பேருக்கு சரியாயிருக்கு. காமாலைல ஆண்டிபயாடிக் போட்டு ஈரல வேலை வாங்கக் கூடாதுன்னு எங்க வைத்தியர் கண்டிப்பா சொல்லுவார். பெரியவங்க சொல்றதுல அர்த்தம் இருக்கும்மா.

வார்டு_டாக்டர் எழுதியது:

தேனிப்பொண்ணு, நான் அரசு ஆஸ்பத்திரில பொது மருத்துவம் பாக்கறவன். மொதல்ல ஒரே ஒரு கேள்வி, கண்ணு மஞ்சளான அப்புறமும் ஜுரம் அதே 103ல நிக்குதா இல்ல இறங்கிடுச்சா? இதுக்கு பதில் போடுங்க, அதுக்குள்ள மத்தத எழுதறேன்.

டைபாய்டுல காமாலை வரும். டைபாய்டு கிருமி குடிதண்ணி, சாப்பாடு வழியா குடலுக்குப் போயி, சிறுகுடல் சுவர்ல இருக்கற நிணநீர்த் திட்டுகளைத் தாண்டி ரத்தத்துல கலந்து, நேரா கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைன்னு போய் உக்காந்துக்கும். கல்லீரல்ல குப்ஃபர் செல்னு ஒண்ணு இருக்கு, ரத்தத்துல வர்ற கிருமிய புடிச்சு முழுங்கறது அதோட வேலை, ஆனா இந்தக் கிருமி அந்த செல்லுக்குள்ளயே சாகாம பெருகும். அதனால டைபாய்டு வந்த எல்லாருக்குமே ஈரல்ல கொஞ்சமாவது கிருமி போயிருக்கும்னு சொல்லலாம். பாதிப் பேருக்கும் மேல எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி லேசா ஏறியிருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. கண்ணு மஞ்சளாகற அளவுக்குப் போறது நூத்துல சில பேருக்குத்தான். அத டைபாய்டு ஹெப்பட்டைட்டிஸ்னு சொல்லுவோம். இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல, 1890கள்லயே வில்லியம் ஆஸ்லர் டைபாய்டு நோயாளிங்க ஈரல்ல என்ன ஆகுதுன்னு எழுதி வச்சிருக்கார்.

தேனிப்பொண்ணு எழுதியது:

டாக்டர் சார் ரொம்ப நன்றி. ஜுரம் இறங்கவே இல்ல சார். இன்னைக்கு மத்தியானமும் 103.2. நாடி 88ன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க. வாந்தி இல்ல, ஆனா சாப்பாடே புடிக்கல, நாக்கு நடுவுல வெள்ளையா படிஞ்சிருக்கு. வலது பக்கம் விலாவுக்குக் கீழ அமுக்குனா வலிக்குதுங்கறான்.

வார்டு_டாக்டர் எழுதியது:

நான் எதிர்பார்த்த பதில்தான். கவனமா படிங்கம்மா, வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

சாதாரண வைரஸ் காமாலை, அதாவது ஹெப்பட்டைட்டிஸ் ஏ இல்லன்னா ஈ, ரெண்டுமே தண்ணி வழியா வர்றதுதான், அதுல மொதல்ல நாலஞ்சு நாள் ஜுரம், வாந்தி, குமட்டல் இருக்கும், கண்ணு மஞ்சளாகறப்ப ஜுரம் விட்டுடும். மஞ்சள் தெரியுது, ஜுரம் போச்சு, அதுதான் வழக்கம். டைபாய்டுல அப்படி இல்ல, ஜுரம் உச்சத்துல இருக்கும்போதே, பெரும்பாலும் ரெண்டாவது வாரத்துல, மஞ்சள் வரும், மஞ்சள் வந்தும் ஜுரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, வைரஸ் காமாலைல எஸ்ஜிபிடி ஆயிரம் ரெண்டாயிரம்னு சர்வசாதாரணமா போகும், உங்க தம்பிக்கு 190தான். 103 ஜுரத்துல நாடி 110, 120 இருக்கணும், 88ன்னா ஜுரத்துக்கேத்த வேகத்துல நாடி ஓடல, அதுவும் டைபாய்டு பக்கம்தான் கை காட்டுது.

ஆனா நம்ம ஊர்ல ஜுரமும் மஞ்சளும் சேர்ந்து வந்தா டைபாய்டு மட்டும் யோசிச்சா போதாது. எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், மலேரியா, டெங்கு நாலையும் பாக்கணும். பேரு ஒரே மாதிரி இருக்கே தவிர ஸ்க்ரப் டைபஸ் வேற நோய், புதருல இருக்கற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, அதுக்கு மருந்து டாக்ஸிசைக்ளின், டைபாய்டுக்குப் போடற செஃப்ட்ரியாக்சோன் அதுல வேலையே செய்யாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண்ணு இருக்கான்னு துணியக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, வலிக்காது, அதனால நோயாளிக்கே தெரியாது. எலிக்காய்ச்சல்னா கண்ணு செவந்திருக்கும், கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கிட்னியும் சேர்ந்து பாதிக்கும். டாக்டர் அட்மிட் ஆகச் சொன்னது ரொம்ப சரி. இன்னைக்கே சேருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

கொங்கு_லேப் எழுதியது:

நான் மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கறனுங்க. டாக்டர் சொன்னதோட ரெண்டு விஷயம் சேத்திக்கறேன், கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் நீளமாப் போகும்.

ஒண்ணு வைடால். 1896ல ஃபெர்னாண்ட் வைடால் கொண்டு வந்த டெஸ்ட்டுங்க, இன்னும் அதயே நம்பி ஊரெல்லாம் ஓடிட்டிருக்குது. நம்ம ஊர்ல முன்னாடி எப்பவோ டைபாய்டு வந்து போனவங்க, தடுப்பூசி போட்டவங்க, சில நேரம் மலேரியா டெங்கு வந்தவங்களுக்குக் கூட ஒரே தடவ எடுத்த வைடால் பாசிட்டிவ் காட்டும். நெசமாலுமே டைபாய்டு இருக்கறவங்களுக்கு மொத வாரத்துல நெகட்டிவ் வரும். அதனால 1:160ங்கறத வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க. தயவு செஞ்சு பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கற கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட், எடுக்கச் சொல்லுங்க. அதுவும் ஆண்டிபயாடிக் ஊசி போடறதுக்கு முன்னாடி. டைபாய்டு நோயாளி ரத்தத்துல கிருமி ரொம்பக் கொஞ்சம்தான் இருக்குமுங்க, ஒரு மில்லிக்கு ஒண்ணு, சிலருக்கு அது கூட இருக்காது, அதனால சொட்டு சொட்டா ரெண்டு மில்லி எடுத்தா மாட்டாது, பெரியவங்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8லேர்ந்து 10 மில்லி எடுக்கோணும். அப்படி ஒழுங்கா எடுத்தாலே நூத்துக்கு 60 பேருக்குத்தான் வளரும். எலும்பு மஜ்ஜைல எடுத்தா 80க்கு மேல, மருந்து ஆரம்பிச்ச பிறகு கூட வளரும், ஆனா அது எல்லாருக்கும் பண்ற டெஸ்ட் இல்லீங்க.

ரெண்டாவது, எல்டிஹெச்னு, செல் சிதைஞ்சா ரத்தத்துல ஏறற ஒரு என்சைம், அத பாத்திருக்காங்களா? அதே ரத்தத்துல பாக்கலாம், பெரிய செலவில்ல. எஸ்ஜிபிடி அதோட உச்ச நார்மலுக்கு எத்தன மடங்கு, எல்டிஹெச் அதோட உச்ச நார்மலுக்கு எத்தன மடங்குன்னு பாத்து, மொதல ரெண்டாவதால வகுக்கோணும். 4க்குக் கீழ வந்தா டைபாய்டு ஹெப்பட்டைட்டிஸ் பக்கம், மேல போனா வைரஸ் பக்கம்னு 1996ல ஒரு ஆய்வு வந்துச்சுங்க. கல்ச்சருக்கு இது மாத்து இல்ல, ஆனா கல்ச்சர் வர்றதுக்கு மூணு நாலு நாளாகும், அதுவரைக்கும் ஒரு திசை காட்டும்.

தேனிப்பொண்ணு எழுதியது:

அட்மிட் பண்ணிட்டோம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயே. நீங்க எழுதுனத அப்படியே அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், கண்ணு மஞ்சளாகியும் ஜுரம் விடலங்கற எடத்துலதான் அவர் சரி போலாம்னாரு. பிளட் கல்ச்சர் ரெண்டு பாட்டில் எடுத்துட்டாங்க, அப்புறம்தான் ஊசி போட்டாங்க, செஃப்ட்ரியாக்சோன். கருப்பு புண்ணு எங்கயும் இல்ல. மலேரியா ஸ்மியர் நெகட்டிவ், டெங்கு நெகட்டிவ், எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப்புக்கும் ரத்தம் போயிருக்கு. ஹெப்பட்டைட்டிஸ் ஏ, ஈ, பி, சி நாலும் நெகட்டிவ். லேப் அண்ணா, எல்டிஹெச் 690, நார்மல் 250 வரைக்கும்னு போட்டிருக்கு. எஸ்ஜிபிடி நார்மல் 40 வரைக்கும். எப்படி கணக்கு போடறது?

கொங்கு_லேப் எழுதியது:

190ஐ 40ஆல வகுத்தா 4.75. 690ஐ 250ஆல வகுத்தா 2.76. 4.75ஐ 2.76ஆல வகுத்தா 1.7 சொச்சம் வருதுங்க. 4க்கு எவ்வளவோ கீழ. ஏ, ஈ ரெண்டும் நெகட்டிவ்ங்கறதோட சேத்துப் பாத்தா டைபாய்டு பக்கம்தானுங்க வலுக்குது. கல்ச்சர் வரட்டும்.

கரிசக்காட்டான் எழுதியது:

சேத்தது நல்லதுதான். ஆனா ஒரு விஷயம் டாக்டர்கிட்ட கேக்கணும், கீழாநெல்லிய நீங்க எல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒதுக்கறீங்க, மெட்ராஸ்லயே அத ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்கன்னு படிச்சிருக்கேன். அப்புறம் ஏன் ஆஸ்பத்திரில அத குடுக்கறதில்ல?

வார்டு_டாக்டர் எழுதியது:

அண்ணே, நான் மூடநம்பிக்கைன்னு சொல்லவே இல்ல. நீங்க சொல்ற ஆராய்ச்சி உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்துல எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸக் கண்டுபிடிச்சதுக்கு நோபல் வாங்குன பாருச் பிளம்பெர்க்கும் அதுல உண்டு, 1988ல லான்செட் பத்திரிகைல வந்துச்சு. ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் உடம்புல தங்கிப்போனவங்களுக்கு கீழாநெல்லி குடுத்துப் பாத்தாங்க, பலருக்கு வைரஸ் அடையாளம் மறைஞ்சதுன்னு எழுதுனாங்க. நம்ம ஊரு மூலிகைக்கு உலக அளவுல கெடச்ச பெரிய கவனம் அது, எனக்கும் அதுல பெருமை உண்டு. ஆனா அப்புறம் மத்த எடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அதே பலன் வரல. அதோட அது வைரஸ் விஷயம். இந்தப் பையன் ஈரலுக்குள்ள உயிரோட பாக்டீரியா பெருகிட்டிருக்கு. கீழாநெல்லி டைபாய்டு கிருமியக் கொல்லும்னு எந்த நோயாளிய வச்சும் யாரும் காட்டல.

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ இல்லன்னா ஈயா இருக்கும், அது பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாகற நோய், அதுல மூலிகை குடிச்சாலும் குடிக்காட்டியும் மூணு நாலு வாரத்துல மஞ்சள் போயிடும். அதனாலதான் காமாலைன்னா நாட்டு மருந்துன்னு நம்ம ஊர்ல ஊறிப்போச்சு, நான் அத புரிஞ்சுக்கறேன். எனக்குப் பயம் வேற எடத்துல. தானா சரியாகற காமாலைக்கும் சரியாகாத காமாலைக்கும் கண்ணுல தெரியற மஞ்சள் ஒண்ணுதான். ஆண்டிபயாடிக் ஈரலக் கெடுக்கும்னு டைபாய்டு பையனுக்கு ஊசிய நிறுத்துனா மூணாவது வாரத்துல குடல் ஓட்டையாகி வருவான். வார்டுல அப்படி வந்த பசங்களப் பாத்திருக்கேன், சின்னச் சின்ன வயசு. டைபாய்டுல ஈரலுக்குன்னு தனி மருந்து கிடையாதுண்ணே, கிருமியக் கொல்ற மருந்துதான் ஈரலுக்கும் மருந்து.

கரிசக்காட்டான் எழுதியது:

நீங்க பொறுமையா சொன்னதுக்கு நன்றி டாக்டர். ஜுரத்தோட இருக்கற காமாலைக்கு ஆஸ்பத்திரிதான், ஒத்துக்கறேன். ஆனா ஜுரம் இல்லாத காமாலைக்கு எங்க வைத்தியர விட மாட்டேன், அந்தளவுக்கு எனக்கு அனுபவம் இருக்கு.

வார்டு_டாக்டர் எழுதியது:

அதுலயும் ஒரு தடவ ரத்தம் பாத்துட்டுப் போங்கண்ணே, முக்கியமா ஐஎன்ஆர், ரத்தம் ஒழுங்கா உறையுதான்னு காட்டற டெஸ்ட். கர்ப்பிணியா இருந்தா வைத்தியர்கிட்ட போகவே கூடாது, ஹெப்பட்டைட்டிஸ் ஈ அவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

யாழ்_பனங்காய் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம். இஞ்ச நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, கனகாலமா இருக்கிற பிரச்சினை, இலங்கையிலேயே எங்கட மாவட்டம்தான் கன வருசம் முன்னுக்கு நிண்டது. காரணம் தண்ணிதான். எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வருசம் முழுக்க ஓடுற ஆறு எண்டு ஒண்டும் இல்லை, எல்லாரும் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறது, ஒவ்வொரு வளவுக்குள்ளயும் கிணறும் இருக்கு, மலசலகூடக் குழியும் இருக்கு, சின்னக் காணியெண்டால் ரெண்டும் கிட்டக் கிட்ட. சுண்ணாம்புக்கல்லில வெடிப்பு ஓட்டையள் இருக்கிறபடியால் குழித்தண்ணி வடிபடாமல் நேரா கிணத்துக்கு வந்திரும். மாரி மழைக்குப் பிறகு கூடும். சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணத்துக்குக் குளோரின் போடுவினம், நாங்கள் தண்ணியில வாசம் வருது எண்டு குறை சொல்லுவம், ஆனால் அதுதான் காப்பாத்துறது.

என்ர அக்காவின்ர மகளுக்கும் இதே மாதிரி காய்ச்சலோட செங்கமாரி, நீங்கள் சொல்லுற காமாலை, வந்தது. அவவுக்கு மூத்திரம் கோலா மாதிரி கறுத்துப் போச்சு, ரத்தமும் குறைஞ்சு போச்சு. அது ஏன் டொக்டர், ஈரலாலயோ?

வார்டு_டாக்டர் எழுதியது:

அது ஈரலோட முடியற விஷயமா இருக்காது அண்ணா, ரத்தச் சிவப்பணு உடைஞ்சிருக்கும். ஜி6பிடின்னு ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கறவங்களுக்கு டைபாய்டு மாதிரி தொற்று வந்தாலோ சில மருந்து பட்டாலோ சிவப்பணு மொத்தமா உடையும். அப்ப பிலிருபின் கிடுகிடுன்னு ஏறும், ஹீமோகுளோபின் இறங்கும், மூத்திரம் கருக்கும். அவங்களுக்கு ஜி6பிடி பாத்தாங்களான்னு கேளுங்க. நோய் நடக்கும்போது பாத்தா சில சமயம் நார்மல்னு ஏமாத்தும், ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். இருக்குன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அத சீட்டுல எழுதி வச்சுக்கணும், எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல காட்டணும்.

தேனிப்பொண்ணு, உங்க தம்பிக்கு பிலிருபின்ல டைரக்ட், இன்டைரக்ட் எவ்வளவுன்னு பாருங்க, சிவப்பணு உடைஞ்சா இன்டைரக்ட்தான் ஏறும், ஹீமோகுளோபினும் தினமும் பாக்கச் சொல்லுங்க.

தேனிப்பொண்ணு எழுதியது:

டைரக்ட் 3.1 சார், இன்டைரக்ட் 1.5. ஹீமோகுளோபின் 12.4, குறையல. ஐஎன்ஆர் 1.3. ஊசி ஆரம்பிச்சு மூணு நாளாச்சு, இன்னும் 102 அடிக்குது. மருந்து கேக்கலையோன்னு அம்மா அழுதுட்டே இருக்காங்க. ராத்திரி ஏதேதோ உளறுறான், கூப்பிட்டா பேசுறான், திரும்ப கண்ணு மூடிக்கறான். பாராசிட்டமால் ஒரே நாள்ல எத்தன தடவ குடுக்கலாம்? நான் ஜுரம் ஏற ஏற குடுத்துட்டு இருக்கேன்.

வார்டு_டாக்டர் எழுதியது:

மூணு நாள்ல ஜுரம் விடலன்னா மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. கிருமி செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதால டைபாய்டுல சரியான மருந்து போட்டாலும் ஜுரம் அடங்க நாலுலேர்ந்து ஆறு நாள் ஆகும், செஃப்ட்ரியாக்சோன்ல இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம். உச்சம் கொஞ்சம் கொஞ்சமா குறையுதான்னு பாருங்க, 103.2 இப்ப 102ன்னா நல்ல பக்கம்தான் போகுது. அம்மாகிட்ட சொல்லுங்க.

ஆனா உளறலை டியூட்டி டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க, காலைல ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க. டைபாய்டே மூளைய மந்தமாக்கும், அது ஒண்ணு. ஈரல் வேலை நிறுத்தற அளவுக்குப் போனாலும் உளறல் வரும், அது ரொம்ப அபூர்வம்தான், ஆனா பாத்துதான் ஆகணும். கைய நீட்டி மணிக்கட்ட மேல மடக்கச் சொல்லுவாங்க, கை படபடன்னு விழுந்து விழுந்து எழுந்தா ஈரல் பக்கம் சந்தேகம். ஐஎன்ஆர் 1.3ங்கறது எனக்குத் தைரியம் குடுக்குது. ஈரல் எப்படி இருக்குன்னு பாக்க எஸ்ஜிபிடிய விட ஐஎன்ஆர்தான் முக்கியம், ஏன்னா ரத்தம் உறையற சத்த ஈரல்தான் செய்யுது, அது செய்யாம போனாதான் ஐஎன்ஆர் ஏறும். சர்க்கரையும் பாக்கச் சொல்லுங்க, சாப்பிடாம கிடக்கறான், ஈரலும் சோர்ந்திருக்கு, சர்க்கரை இறங்குனாலும் உளறுவாங்க.

பாராசிட்டமால் விஷயம் ரொம்ப முக்கியம். நல்லா இருக்கற பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. ஈரல் வீங்கி, சாப்பிடாம இருக்கறவனுக்கு 2 கிராம் தாண்டக் கூடாது, அதாவது 500 மாத்திரை நாலு, ஆறு மணி நேர இடைவெளி விட்டு. 650 மாத்திரைன்னா மூணுதான். ஊசியா வார்டுலயும் போடறாங்கன்னா அதையும் சேத்துக் கணக்கு வைங்க, நர்ஸ்கிட்ட கேக்காம நீங்களா எதுவும் குடுக்காதீங்க. நிமெசுலைட், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீங்க. ஈரத்துணியால உடம்பத் தொடைங்க, தண்ணி குடுங்க.

இன்னொண்ணும் கண்ணு வைங்க. ஜுரம் திடீர்னு ஒரேயடியா இறங்கி, நாடி எகிறி, வயித்து வலி, வயிறு கல்லா இறுகறது, இல்ல கருப்பா மலம் போறது, இதுல எது வந்தாலும் ஜுரம் விட்டுடுச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, குடல் ஓட்டையாகறதோ ரத்தம் கசியறதோ இருக்கலாம், உடனே கூப்பிடணும்.

சமையக்கட்டு_சித்தி எழுதியது:

கண்ணு தேனிப்பொண்ணு, பையனுக்கு என்ன சாப்பாடு குடுக்கற? எங்க காலத்துல டைபாய்டுன்னா வெறும் கஞ்சித்தண்ணியும் பன்னும்தான் குடுப்பாங்க, காமாலைன்னா உப்பு கூட கிடையாது, ரெண்டும் சேந்தா புள்ள என்னத்ததான் திங்கும், எலும்பும் தோலுமாயிடும். டாக்டர் தம்பி நீங்க சொல்லுங்க, உப்பு குடுக்கலாமா?

வார்டு_டாக்டர் எழுதியது:

குடுக்கலாம் சித்தி, குடுக்கணும். உப்பில்லாப் பத்தியம் ஜுரமும் வேர்வையுமா கிடக்கறவனுக்குக் கெடுதல்தான், உடம்புல உப்பு குறைஞ்சு மயக்கம் வரும். இட்லி, இடியாப்பம், குழைஞ்ச சாதம் பருப்பு, மோர், இளநீர், மசிச்ச வாழைப்பழம், வெந்த முட்டை வெள்ளைக்கரு, புடிச்சா எல்லாமே குடுங்க. குடல் சுவர் புண்ணா இருக்கற நேரம்ங்கறதால நார் அதிகமானது, காரம், பச்சைக் காய் வேண்டாம். எண்ணெய சுத்தமா நிறுத்த வேண்டியதில்ல, பொரிச்சது குமட்டும், அதுக்காக தவிர்த்தா போதும். கொஞ்சம் கொஞ்சமா ஆறு ஏழு வேளை.

ஷார்ஜா_செல்வம் எழுதியது:

எங்க கேம்ப்ல பாகிஸ்தான் சிந்து பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு டைபாய்டு வந்து செஃப்ட்ரியாக்சோனே கேக்கலன்னு மெரோபெனம்னு வேற ஒரு ஆண்டிபயாடிக் ஊசி போட்டாங்க. அந்த மாதிரி நம்ம ஊர்லயும் இருக்குமா டாக்டர்? படிக்கவே பயமா இருக்கு.

கொங்கு_லேப் எழுதியது:

அது 2016 கடைசில சிந்து மாகாணம் ஹைதராபாத்துல கிளம்புன கிருமிங்க. நம்ம ஹைதராபாத் இல்ல, அங்க இருக்கற ஊரு. குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், சிப்ரோ வகை, செஃப்ட்ரியாக்சோன் அஞ்சுக்கும் அடங்காது, மிச்சம் வாய் வழியா அசித்ரோமைசின், ஊசியா மெரோபெனம் வகை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய் வந்தவங்க, அங்கத்த ஆளுங்களோட தங்குனவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லோணும். நம்ம ஊர்ல நாங்க பாக்கறதுல செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் பெரும்பாலும் கேக்குதுங்க, சிப்ரோ வகைதான் போச்சு, வளர்ற கிருமில பெரும்பாலானதுக்கு அது வேலை செய்யறதில்ல. ஆனாலும் மெடிக்கல்ல போய் ஜுரம்னு சொன்னா செஃபிக்சைம் ஓஃப்ளாக்சசின் சேந்த மாத்திரைய எடுத்து நீட்டறாங்க, நாலு மாத்திரை போட்டுட்டு நிறுத்திடறாங்க. கல்ச்சர்லயும் வளராது, கிருமியும் சாகாது. மனசு அடிச்சுக்குதுங்க இதப் பாக்கறப்ப. 1948ல மலேயாவுல குளோராம்பெனிகால் குடுத்து டைபாய்டு மொத மொதல்ல குணமானப்ப உலகமே கொண்டாடுச்சு, அதுக்கு முன்னாடி பத்துல ஒண்ணு ரெண்டு பேர் செத்துட்டிருந்தாங்க. அந்த மருந்த நாம எழுவதுகள்லயே எதிர்ப்புக்குப் பறி குடுக்க ஆரம்பிச்சாச்சு, இப்ப வரிசையா மத்ததும் போகுது.

தேனிப்பொண்ணு எழுதியது:

கல்ச்சர் வந்துடுச்சு!! சால்மோனெல்லா டைஃபி. சிப்ரோ ரெசிஸ்டன்ட், செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் சென்சிட்டிவ். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் ரெண்டும் நெகட்டிவ். அன்னைக்கு ராத்திரியே டியூட்டி டாக்டர் வந்து கைய நீட்டச் சொல்லிப் பாத்தாங்க, படபடன்னு இல்ல, சர்க்கரை 68 இருந்துச்சு, குளுக்கோஸ் ஏத்துனாங்க, அப்புறம் தெளிஞ்சுட்டான். ஜுரம் நேத்துலேர்ந்து நூறு தாண்டல, இன்னைக்கு நார்மல். பிலிருபின் 2.1. அம்மா பிள்ளையாருக்கு தேங்கா ஒடைச்சுட்டு வந்தாங்க.

ஆனா இன்னைக்கு ஸ்கேன் திரும்ப எடுத்ததுல பித்தப்பைல மண்ணு மாதிரி படிஞ்சிருக்குன்னு வந்திருக்கு, அட்மிட் ஆனப்ப எடுத்த ஸ்கேன்ல கல்லு எதுவும் இல்லன்னு போட்டிருந்துச்சு, ஈரல் மண்ணீரல் வீக்கமும் பித்தப்பை சுவர் தடிச்சதும் மட்டும்தான். பக்கத்து பெட்காரங்க கல்லு ஆயிடுச்சு, ஆபரேஷன்தான்னு பயமுறுத்துறாங்க.

வார்டு_டாக்டர் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்மா! தம்பி தப்பிச்சுட்டான், அம்மாகிட்ட சொல்லுங்க.

பித்தப்பை மண்ணுக்குப் பயப்பட வேண்டாம். செஃப்ட்ரியாக்சோன் பித்தத்துல போய் கால்சியத்தோட சேந்து அப்படிப் படியும், பட்டினியா கிடந்தா இன்னும் சீக்கிரம். மருந்து நிறுத்துன சில வாரத்துல தானா கரைஞ்சிடும். வலது விலாவுல கடுமையான வலியோ திரும்ப ஜுரமோ இல்லன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம், மருந்து மொத்த நாளும் முடியட்டும், நடுவுல நிறுத்தாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் போதும். லிவர் டானிக்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா வாங்கணும்னு அவசியம் இல்ல, அந்தக் காசுக்கு பழம் வாங்கிக் குடுங்க. குடிக்கற பழக்கம் இருந்தா ஆறு மாசமாவது தொடக் கூடாது.

வீட்டுக்குப் போன ரெண்டு மூணு வாரத்துல திரும்ப ஜுரம் வந்தா சாதாரண ஜுரம்னு விடாதீங்க, நூத்துல 5லேர்ந்து 10 பேருக்கு டைபாய்டு திரும்பும். பெரும்பாலும் லேசாத்தான் வரும், ஆனா திரும்ப கல்ச்சர் எடுக்கணும்.

திருப்பூர்_மெஸ்காரர் எழுதியது:

நான் திருப்பூர்ல சின்னதா மெஸ் நடத்தறேங்க. இந்த இழைய மொதல்லேர்ந்து படிச்சேன், மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, நம்ம கடை மாதிரி ஒரு கடைல சாப்பிட்டுத்தான அந்தத் தம்பிக்கு வந்திருக்கும். என்கிட்ட வேல செய்யற பசங்களுக்கு டைபாய்டு வந்து சரியாகி வந்தா உடனே சமையல்ல விடலாமா? ஈரல், பித்தப்பைன்னு பேசறீங்க, அதுல கிருமி தங்கிடும்னு கேள்விப்பட்டேன்.

வார்டு_டாக்டர் எழுதியது:

இத நீங்களா கேட்டதுக்கு நன்றி சார், பல பேர் கேக்க மாட்டாங்க. ஈரல்லேர்ந்து பித்தம் வழியா கிருமி பித்தப்பைக்கு வரும். நூத்துல 1லேர்ந்து 5 பேருக்கு, முக்கியமா பித்தப்பைல ஏற்கனவே கல்லு இருக்கறவங்களுக்கு, அங்கயே தங்கி ஒரு வருஷத்துக்கு மேலயும் மலத்துல கிருமி வந்துட்டே இருக்கும். ஆளு நல்லா இருப்பார், ஜுரம் மஞ்சள் எதுவும் இருக்காது. 1907ல நியூயார்க்ல மேரி மல்லன்னு ஒரு சமையல்காரம்மாவ இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க, மொத்தமா இருபது வருஷத்துக்கும் மேல தனிமைல வச்சுட்டாங்க, பாவம் அந்தம்மா, அப்ப மருந்தும் கிடையாது. இப்ப அப்படி இல்ல, மருந்துல சரி பண்ணலாம், அதுக்கும் அடங்கலன்னா பித்தப்பைய எடுக்கலாம். உங்க பையன் மருந்து முழுசா முடிச்சு, அப்புறம் இடைவெளி விட்டு மல கல்ச்சர் மூணு தடவ நெகட்டிவ் வந்த பிறகு சமையல்லயும் பரிமாறறதுலயும் விடுங்க. அதுவரைக்கும் சம்பளத்தப் புடிக்காம வேற வேல குடுங்க, சம்பளம் போயிடும்னா யாருமே டைபாய்டு வந்தத சொல்ல மாட்டாங்க. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல்ல இருக்கற எல்லாருக்கும் வருஷம் ஒருக்கா மருத்துவச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் வேணும்னு உங்களுக்கே தெரியும், அத காகிதத்துக்காக இல்லாம நெசமா செய்யுங்க.

திருப்பூர்_மெஸ்காரர் எழுதியது:

செய்யறேன் சார். தண்ணி கேன் வாங்கறதையும் நிறுத்திட்டு காய்ச்சியே வைக்கறதா பசங்ககிட்ட சொல்லிட்டேன்.

தேனிப்பொண்ணு எழுதியது:

தம்பியோட ரூம்ல இருக்கற மத்த மூணு பேருக்கும் ஏதாச்சும் பண்ணணுமா சார்? அப்புறம் எங்க அக்கா பையனுக்கு 6 வயசு, தம்பி கூடவேதான் விளையாடுவான், அவனுக்கு தடுப்பூசி போடலாமா?

வார்டு_டாக்டர் எழுதியது:

ரூம் பசங்களுக்கு சும்மா மருந்து குடுக்க வேண்டாம், ஜுரம் வந்தா மூணு நாளுக்கு மேல விடாம கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்க, நோய் வெளிய வர ஒரு மாசம் வரைக்கும் ஆகலாம். அக்கா பையனுக்குத் தாராளமா போடலாம். டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி, நம்ம நாட்டுலயே செய்யறது, ஒரே டோஸ், 6 மாசக் குழந்தைலேர்ந்து போடலாம். நேபாளம், வங்கதேசம், மலாவின்னு மூணு நாட்டுல சோதிச்சுப் பாத்து நூத்துக்கு 80 சொச்சம் பாதுகாப்புன்னு வந்திருக்கு. குழந்தைங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லம்மா, 2017லேர்ந்து 2020 வரைக்கும் டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனே பக்கத்து கிராமம்னு நாலு எடத்துல குழந்தைங்கள வாரா வாரம் பாத்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துச்சு. நகரத்துல வருஷத்துக்கு ஒரு லட்சம் குழந்தைல 576லேர்ந்து 1173 வரைக்கும் டைபாய்டு, அந்த கிராமத்துல 35. நம்ம வேலூரும் அந்த நகரக் கணக்குலதான் இருக்கு. ஊசி பாராடைபாய்ட, அதாவது டைபாய்டு மாதிரியே இன்னொரு கிருமியால வர்ற ஜுரத்த, தடுக்காது, அதுவும் ஈரலத் தாக்கும், அதனால ஊசி போட்டாலும் தண்ணி காய்ச்சறத விடாதீங்க. இப்ப பையனுக்கு ஜுரம் எதுவும் இல்லன்னா இந்த வாரமே போடுங்க.